எதிரியின் தொழிற்சாலையில் ஒரு கல்யாணம்

இப்போதெல்லாம் குண்டு தானாகவே இலக்கைத் தேடிப் போகிறதாம். போன கிழமை பேப்பரில் வாசித்தேன். இன்ன இடம் என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். எங்கள் காலத்தில் அப்படியில்லை. இலக்குத்தான் குண்டைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பகிடி விடவில்லை. அந்த இலக்கைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். செயலாளர் அன்புவழிபுரத்துக்கு என் வீடு தேடி வந்து, "கதிர்காமு அண்ணை, பாரந்தூக்கி ஓட்டின அனுபவத்தைப் பற்றி ஒரு கட்டுரை தாங்கோ" என்று கேட்டார். பாரந்தூக்கியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன். அவ்வளவுதான். "துறைமுகத்துக்கு வாறதுக்கு முந்தி நான் விமானம் கட்டினனான். வேணுமெண்டால் அதை எழுதித் தாறன்" என்றேன். செயலாளர் சந்தேகத்தோடு என் மனைவியைப் பார்த்தார்.

"ஓம், கட்டினவர்தான்" என்றாள் அவள். "ஒண்டும் பறக்கேல்லை."

பறக்கத்தான் இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் வெள்ளைக்காரர்கள் சீனன்குடா விமானத்தளத்தை விட்டு உடனே போகவில்லை. சில வருடங்கள் இருந்தார்கள். யுத்த காலத்தில் நாலு இயந்திரம் பூட்டிய பெரிய குண்டுவிமானங்கள் இங்கிருந்துதான் கிளம்பிக் கடலைத் தாண்டிப் போய், எதிரியின் விமானத்தளங்களையும் விமானத் தொழிற்சாலைகளையும் தாக்கிவிட்டு வரும். யுத்தம் முடிந்தது. எதிரியும் முடிந்தான். பழக்கம் மட்டும் முடியவில்லை. அந்த ஜாதி விமானங்கள் வெளியூரில் இருந்து வந்து சில நாள் தங்கிக் குண்டு போட்டுப் பழகிவிட்டுப் போகும். பழகுவதற்கு ஓர் எதிரி வேண்டுமே! அதற்காகக் கிண்ணியாவுக்கு அப்பால் பற்றைக்காட்டின் நடுவில் கிடந்த வெட்டைவெளியில், எதிரியின் விமானத்தளம் ஒன்றையும் தொழிற்சாலை ஒன்றையும் கட்டச் சொன்னார்கள். தென்னோலைக் கிடுகால்.

அந்த வேலைக்குத்தான் நான் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் மாதம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் மாதம் ஏணியில் ஏறினேன். அத்தோடு நான் விமானம் கட்டத் தெரிந்தவன் ஆகிவிட்டேன்.

எங்களுக்குத் தலைவர் உதுமான் பாஸ். கிண்ணியாவில் பேர்போன தச்சர். கட்டையான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில், வாயில் எப்போதும் வெற்றிலை. மேலிடத்தில் இருந்து ஒரு விமானத்தின் படத்தைக் கொடுத்தார்கள். அதை ஒருதரம் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகினார். பிறகு அவர் அதை எடுத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. கமுகஞ்சிலாகையால் எலும்பு, கிடுகால் உடம்பு, அதற்கு மேல் கித்தான், கித்தானுக்கு மேல் தார். விசிறி தென்னை மட்டையில். காற்று அடித்தால் அது சுற்ற வேண்டும் என்பதில் பாஸ் பிடிவாதமாக இருந்தார். அவ்வளவு உயரத்தில் பறக்கிறவனுக்கு விசிறி சுற்றுவது தெரியாது என்று சொல்லிப் பார்த்தோம். "அவனுக்குத் தெரியாட்டி என்ன மனே, எனக்குத் தெரியுமே" என்றார்.

ஒரு விமானம் கட்டி முடிந்ததும் பாஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி நடப்பார். நாங்கள் மூச்சு விடாமல் நிற்போம். கடைசியில் மூக்குக்கு முன்னால் வந்து நின்று தலையைச் சரித்துப் பார்ப்பார். திருப்தி என்றால் வெற்றிலையைத் துப்புவார். இல்லையென்றால், "இது பறக்கா. கழத்துங்க" என்பார்.

"கிடுகு விமானம் எப்பிடிப் பாஸ் பறக்கும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பறக்கிறதும் பறக்காததும் அதுர பாடு. பறக்க ஏலாத மாதிரிக் கட்டினா, அது நம்மட பிழை."

கழற்றினோம்.

தொழிற்சாலைதான் அவரைக் கொஞ்சம் திண்டாட வைத்தது. விமானத் தொழிற்சாலையை அவர் கண்டதில்லை, நாங்களும் கண்டதில்லை. அவர் கண்ட பெரிய தொழிற்சாலை கந்தளாய்ப் பக்கத்தில் இருந்த ஒரு நெல் ஆலை. ஆகவே எதிரி நெல் ஆலையில் விமானம் செய்கிறவன் ஆனான். கருங்காலிக் கப்புகளைத் தூணாக நட்டு, பாலை மரத்தில் வளை போட்டு, கல்யாண மண்டபம் அளவில் ஒரு கொட்டில் எழும்பியது. தார்ப் பீப்பாய்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் புகைபோக்கியும் வைத்தார். தொழிற்சாலையில் வேலை நடப்பதுபோல் தெரிய வேண்டும் என்று உத்தரவு. குண்டு போடுகிற நாட்களில் அதன் அடியில் தேங்காய் மட்டையைக் கொளுத்துவோம். வெள்ளைக்காரர்கள் மேலே இருந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எதிரியின் தொழிற்சாலை அச்சொட்டாக இப்படித்தான் இருக்கும் என்று பாராட்டினார்களாம்.

எங்களுக்கும் விமானிகளுக்கும் நடுவில் இருந்தவர் வில்பி துரை. ஒட்டகம்போல் நெடிய மனிதர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தமிழில் ஒரே ஒரு சொல் படித்து வைத்திருந்தார்: "பறவாயில்லை." நல்லதுக்கும் அதுதான், கெட்டதுக்கும் அதுதான்.

வேலை ஒழுங்கு இப்படி. குண்டு போடுகிற நாளில் சீனன்குடாவில் இருந்து தொலைபேசியில் சொல்வார்கள். நாங்கள் மட்டையைக் கொளுத்தி, ஆட்கள் எல்லோரும் விலகியதும், உயரக் கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றுவோம். சிவப்பு தெரிந்தால் இலக்குத் தயார், போடலாம் என்று அர்த்தம். தெரியாவிட்டால் விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். கொடியை ஏற்றிவிட்டு, தூரத்தில் இருந்த பதுங்குகுழிக்கு ஓடுவோம். போடுவது பயிற்சிக் குண்டு. போத்தல் அளவு இரும்பு, உள்ளே புகை மருந்து. விழுந்தால் 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் வெள்ளைப் புகை. ஊர் எரியாது. ஆனால் அந்த உயரத்தில் இருந்து ஒருவன் தலையில் விழுந்தால், பிறகு அந்தத் தலையால் ஒரு பிரயோசனமும் இராது.

ஒழுங்கெல்லாம் திறம். ஒரே ஒரு குறைதான். குண்டு இலக்கில் படவில்லை.

ஒருநாள் இரண்டு நாள் அல்ல, ஒருநாளுமே படவில்லை. குளத்தில் விழுந்தது. மணல் மேட்டில் விழுந்தது. பதுங்குகுழிக்குப் பக்கத்தில் விழுந்து எங்களைக் கலைத்தது. விமானமும் தொழிற்சாலையும் அப்படியே நின்றன. வில்பி துரை தூரக்கண்ணாடியை இறக்கி, "பறவாயில்லை" என்பார். பாஸ் ஓடிப்போய் ஒவ்வொரு விமானத்தையும் தடவிப் பார்ப்பார். கீறல் விழவில்லை என்ற சந்தோசமும், ஒருத்தன்கூட இதை மதித்து அடிக்கவில்லையே என்ற மனவருத்தமும் ஒரே முகத்தில் தெரியும்.

இப்படியிருக்க, ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. துரைக்கு முகம் வெளிறிவிட்டது. கொஞ்சம் இங்கிலீசு தெரிந்த என்னைக் கூப்பிட்டு மெல்லிய குரலில் விசயத்தைச் சொன்னார். நான் பாஸுக்கு மொழிபெயர்த்தேன். குண்டு விழுந்த குழிகளுக்குப் பக்கத்தில் விமானங்களைக் கொண்டுபோய் வைக்க ஏலுமா?

பாஸுக்கு வந்ததே கோபம்! "குண்டு கிடக்கிற இடத்துக்கு விமானத்தைக் கொண்டுபோறதா? நாளைக்கு மாப்பிள்ளை நிக்கிற இடத்துக்குப் பொண்ணைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுவானுகள் போல!"

ஆனாலும் துரை பாவம் என்று இறங்கி வந்தார். கயிறு கட்டி, உருளைக்கட்டை வைத்து, மாட்டையும் பூட்டி இழுத்தோம். விமானங்கள் குழிகளுக்கு நடுவில் போய் நின்றன. பெரிய அதிகாரி வந்து பார்த்து, துரையின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். நம்பினால் நம்புங்கள், அதற்கு அடுத்த தாக்குதலில் விழுந்த குண்டுகள் எல்லாம் விமானங்கள் முன்பு நின்ற இடத்திலேயே விழுந்தன. பழைய இடத்தில் விட்டிருந்தால் அன்றைக்கு ஒன்றும் மிஞ்சியிராது.

அன்று பாஸ் ஒரு முடிவுக்கு வந்தார். "மனே, இந்த வெளியில ஒரேயொரு இடத்துல மட்டும் குண்டு விழாது" என்றார். "அவனுகள் குறி வைக்கிற இடத்துல."

இனி நான் சொல்லப்போவது பாஸின் மகள் சுபைதாவின் கதை.

கிண்ணியாவில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்துதான் குடியிருப்பான். அந்த வீட்டைத் தகப்பன் கட்ட வேண்டும். ஊரிலேயே பெரிய தச்சர் மகளுக்கு வீடு கட்டுவது ஒரு வேலையா? ஆனால் பாஸ் ஒரு வரி கல் வைப்பார், அதற்குள் ஏதாவது விமானத்தின் வால் ஞாபகம் வந்துவிடும். போட்டது போட்டபடி ஓடிவிடுவார். "எதிரிக்கெல்லாம் தொழிற்சாலை கட்டிக் குடுத்தாச்சு. பெத்த புள்ளைக்கு ஒரு கூரை போட ஏலாமக் கிடக்கு" என்று அவர் மனைவி ஊர் கேட்கச் சொல்வார். மூதூரில் ஒரு போடியாரின் மகனுக்குச் சுபைதாவைப் பேசி முடித்திருந்தார்கள். நிறைய வயல் உள்ள மனிதர் அந்தப் போடியார். பேச்சிலும் கறார். "வீடு முடிஞ்சாத்தான் கல்யாணம்" என்று சொல்லிவிட்டார். பாஸ் கடைசி மாதங்களில் இரவுபகல் பாராமல் வேலை செய்து, ஒருவழியாகக் கூரையும் போட்டு, பந்தலும் போட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் கச்சான் காற்று அடித்தது. அப்படி ஒரு காற்றை அதற்குப் பிறகு நான் காணவில்லை. பந்தலைக் கிளப்பிக்கொண்டு போனது. வீட்டின் புதுக் கூரையையும் கொண்டுபோனது. விடியக் காலை நான் போனபோது பாஸ் நான்கு மொட்டைச் சுவருக்கு நடுவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே புறப்பட்டு வந்துகொண்டிருப்பார்கள்; கூரையில்லாத வீட்டைக் கண்டால் போடியார் அப்படியே மாட்டைத் திருப்பிவிடுவார்.

"எங்கட கொட்டில் எப்பிடியாம்?" என்று பாஸ் திடீரென்று கேட்டார்.

ஆள் அனுப்பிப் பார்த்தோம். எதிரியின் தொழிற்சாலையில் ஒரு கிடுகுகூட அசையவில்லை.

"பாஸ், அது குண்டு போடுற இடமெல்லே!" என்றேன்.

"இண்டைக்குக் குண்டு போடுற நாளா?"

"இல்லை."

"பொறகென்ன மனே?"

துரையிடம் ஒரு சொல் கேட்கலாம் என்றால், தொலைபேசிக் கம்பியையும் காற்று அறுத்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கல்யாணம் முழுவதும் வண்டியேறி வெட்டைவெளிக்கு இடம் மாறியது. பாய் விரித்தார்கள். தோரணம் கட்டினார்கள். புகைபோக்கிக்குக் கீழே நல்ல அடுப்பு இருக்கிறதே என்று புரியாணிக் கிடாரத்தை அங்கேயே ஏற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இடம் தெரிய வேண்டுமே! "தூரத்துல இருந்தே தெரியுற மாதிரி ஏதாச்சும் கட்டுங்கடா" என்று பாஸ் தன் மச்சினனிடம் சொன்னார். மச்சினன் கெட்டிக்காரன். சுற்றுமுற்றும் பார்த்தான், வெளியிலேயே உயரமான கம்பம் ஒன்று சும்மா நிற்பதைக் கண்டான், தன் மனைவியின் புதுச் சேலை ஒன்றை வாங்கி அதன் உச்சியில் ஏற்றிவிட்டான். சேலை நல்ல சிவப்பு. கிடாரத்துக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். போடியார் கொட்டிலைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். பக்கத்தில் வரிசையாக நின்ற தார் பூசிய விமானங்களைப் பார்த்தார்.

"வீடு எங்க?" என்றார்.

"காத்துக் கொண்டு போயிட்டு, போடியார். ஒரு மாசம் தாங்க, திரும்பக் கட்டித் தாறன்."

"ஒரு மாசமா? என்ர மகன் எங்க குடியிருக்கிற? அந்தா, அந்த விமானத்துக்குள்ளயா?" போடியார் சால்வையை உதறித் தோளில் போட்டார். "வண்டியப் பூட்டுங்கடா!"

தட்டிக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் சுபைதாவின் விசும்பல் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில்தான் வடக்கே, உப்புவெளிப் பக்கமாக, ஒரு உறுமல் கேட்டது. எனக்குத் தெரிந்த உறுமல். நாலு இயந்திரம்.

ஓடி வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தேன். உச்சியில் சேலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு இருக்கிறது. புகை இருக்கிறது. புரியாணி வாசம் மட்டும் மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது. அந்தக் கொட்டில் தொழிற்சாலை மாதிரி அன்றைக்குத் தெரிந்ததுபோல் ஒருநாளும் தெரிந்ததில்லை.

"பாஸ்! வருகினம்!" என்று கத்தினேன்.

சேலையை இறக்க ஓடினேன். மச்சினன் அதைக் காற்றுக்கு அவிழாதபடி கட்டியிருந்தான், எனக்கும் அவிழவில்லை. அதற்குள் விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது. உள்ளே ஒரே கூச்சல். எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். உதுமான் பாஸ் இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்தார். அவ்வளவு பெரிய குரல் அந்தக் கட்டை மனிதரிடம் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

"ஒருத்தரும் வெளிய போகாதீங்க! உள்ளுக்கு இரிங்க! இதைத்தான் அவனுகள் அடிக்கப் போறானுகள்!"

"என்ன மனிசன் நீ!" என்று போடியார் அலறினார். "இதை அடிக்கப் போறான் எண்டா, இதுக்குள்ள இருக்கச் சொல்றாய்!"

"ஓம் போடியார், அதுக்குத்தான்! இதை அடிச்சா இதுல விழாது. வெளியில எங்கயும் விழும்!"

"விசரா உனக்கு? உடு என்னை! நான் வண்டிக்குப் போறன்!"

பாஸ் போடியாரின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். சம்பந்திமார் இருவரும் வாசலில் கட்டிப் புரண்டுகொண்டிருக்க, முதல் குண்டு குளத்தில் விழுந்தது. தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பியது. இரண்டாவது மணல் மேட்டில். மூன்றாவது நேரே வந்து, மாடு அவிழ்த்து விட்டிருந்த போடியாரின் வண்டியின் நடு ஆசனத்தில் இறங்கியது. டப். வெள்ளைப் புகை கலைந்தபோது வண்டி இருந்த இடத்தில் இரண்டு சில்லுகள் மட்டும் ஆளுக்கொரு திசையில் உருண்டு போய்க்கொண்டிருந்தன.

போடியார் தன் வண்டியைப் பார்த்தார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கொட்டிலின் சரி நடுவில், கப்புக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். "எல்லாரும் இப்பிடி நடுவுக்கு வாங்க" என்று தன் ஆட்களையும் கூப்பிட்டார். "லெப்பை, காவினை ஓதுங்க. ஆறுதலா ஓதுங்க."

கல்யாணம் ஓதி வைக்க வந்திருந்த லெப்பை ஆறுதலாக ஓதவில்லை. இவ்வளவு சுறுக்காக ஒரு காவின் கிண்ணியாவில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்திராது. மாப்பிள்ளை சம்மதம் சொன்னதும் கடைசிக் குண்டு விழுந்ததும் ஒரே நேரம். அது எங்கே விழுந்தது என்று தேடிப் பார்த்தோம்; அகப்படவில்லை.

விமானம் போன பிறகு வில்பி துரை வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். வெளியூர் விமானங்கள் முன்கூட்டியே புறப்பட இருந்ததால் தாக்குதலை அன்றைக்கு மாற்றிவிட்டார்களாம். கம்பி அறுந்ததால் தானே நேரில் சொல்ல வெளிக்கிட்டாராம். காற்றில் கிண்ணியாத் துறையில் கனநேரம் படகு ஓடவில்லையாம். சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். பெண், மாப்பிள்ளை, லெப்பை, கிடாரம். துரை அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். அவர் முன்னால் சோறு வைத்தோம். உயிரோடு இருக்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பறவாயில்லை" என்றார். "பறவாயில்லை, பறவாயில்லை."

போடியார் புரியாணியை ஒரு கை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "உதுமான் பாஸ், நீங்க ஒரு மாசத்துல கட்டுற வீடு எனக்கு வேணாம்."

எல்லோருக்கும் கை நின்றுவிட்டது.

"இந்த வீட்டைத் தாங்க. இதைப் போல பத்திரமான வீடு இந்த மாகாணத்திலேயே இல்லை."

அதையும் நான்தான் துரைக்கு மொழிபெயர்த்தேன். அரசருடைய எதிரியின் தொழிற்சாலையைச் சீதனமாகக் கேட்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். துரையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சீனன்குடாவுக்குத் திரும்பிப் போய், இலக்கு இருந்த இடம் தெரியாமல் அழிந்தது, தாக்குதல் முழு வெற்றி என்று சொல்லிவிட்டார். விமானிகளுக்குப் பெரிய விருந்து வைத்தார்களாம். மறுநாளே நாங்கள் கொட்டிலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய், அந்த மொட்டைச் சுவர்களுக்கு மேல் திரும்பப் பூட்டினோம். அரசாங்கத்தின் கணக்கில் அழிந்தது, சுபைதாவின் தலைக்கு மேல் நின்றது. புகைபோக்கியையும் விடக் கூடாது என்று போடியார் பிடிவாதம் பிடித்தார். அதில்லாவிட்டால் இது அந்த வீடுதான் என்று மேலே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

பாஸுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. பல நாள் கழித்து என்னிடம் சொன்னார்: "மகளுக்கு வீடு கிடைச்சிட்டு, அல்லாவுக்குப் புகழ். ஆனா மனே, இவ்வளவு கட்டியும், ஒண்ணு... ஒரேயொண்ணாச்சும் பட்டிருக்கலாம்."

வெள்ளைக்காரர்கள் போனார்கள். நான் துறைமுகத்தில் சேர்ந்தேன். பாஸ் காலமாகிவிட்டார். சுபைதா அந்த வீட்டில்தான் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். கிடுகு ஓடாக மாறியது. பீப்பாய்ப் புகைபோக்கி கல்லால் ஆனது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகு, அந்த வீட்டை ஒருதரம் பார்க்க வேண்டும் போல் இருந்தது. போன ஞாயிறு கிண்ணியாவுக்குப் போனேன். வாசலில் நின்று சுபைதாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு விமானம் மிகவும் தாழ்வாக ஊருக்கு மேலே வந்தது. என்ன விமானம், ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் இருந்தவர்கள் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். கடைக்காரர், கிணற்றடியில் நின்ற பெண்கள், சைக்கிளில் போன ஒருவர், எல்லோரும் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுச் சுபைதாவின் வீட்டுக்குள் ஓடி வந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்து, நடுக் கப்புக்குப் பக்கத்தில் பாயில் இருந்துகொண்டார்கள்.

"நீங்க என்ன அண்ணன் வெளிய நிக்கிறீங்க?" என்றாள் சுபைதா. "உள்ளுக்கு வாங்க. வாப்பா கட்டின வீடு. இதுல விழாது."

இந்தக் காலத்துக் குண்டைப் பற்றிப் பேப்பரில் வாசித்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர்களோடு நானும் இருந்துகொண்டேன்.